டிரைவர் ஷாஃப்ட்: மதுரைப் பக்கத்து கோல்ஃப் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரக் கடைசியில் வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானலில் ஓர் ஆட்டம், மற்ற நாட்களில் மொட்டை மாடியில் கட்டிய வலை என்று கோல்ஃப் பழகும் மதுரை நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. டீ எனும் சிறு குச்சியின் மேல் பந்தை வைத்து முதல் அடியை அடிக்கும் நீளமான கிளப்புக்கு, அதாவது மட்டைக்கு, டிரைவர் என்று பெயர். அதன் தலையையும் கைப்பிடியையும் சேர்க்கும் தண்டுதான் ஷாஃப்ட். நான் கிளப் விற்பவன் அல்லன். தவறான ஷாஃப்ட்டை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியவன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

ஷாஃப்ட்டை மாற்றினால் எத்தனை கெஜம் கூடும்?

விளம்பரம் சொல்லும் அளவுக்குக் கூடாது. ஷாஃப்ட் வில்லைப் போல வளைந்து நிமிர்ந்து பந்தை எறிகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பந்தும் கிளப் முகமும் (தலையில் பந்து படும் பக்கம்) ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் தண்டால் புதிதாக எதையும் செய்துவிட முடியாது. தலை எந்த இடத்துக்கு, எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் பந்திடம் வந்து சேர்கிறது என்பதில்தான் அதன் பங்கு இருக்கிறது. தலையின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் பந்து சுமார் இரண்டரை கெஜம் கூடுதலாகப் போகும். ஆனால் முகத்தின் நடுவை விட்டு அரை அங்குலம் தள்ளி அடிபட்டால் அதைப் போலப் பல மடங்கு பறிபோய்விடும். ஆகவே எந்த ஷாஃப்ட்டோடு ஒருவர் பத்துக்கு ஏழு முறையாவது முகத்தின் நடுவில் அடிக்கிறாரோ, அதுவே அவருக்கு உரிய ஷாஃப்ட் என்பது என் முடிவு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த முடிவிலிருந்து பிறந்தவையே.

எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளை எவ்வளவு நம்பலாம்?

இவை தண்டின் விறைப்பைக் குறிப்பவை. எல் மிக இளக்கமானது, எக்ஸ் மிக விறைப்பானது, நடுவில் இருக்கும் ஆர் சாதாரண விறைப்பு. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி, தலையின் வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எல், 75 முதல் 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ்.

ஆனால் இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்படும் எஸ் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையின் எஸ்ஸை விட இளக்கமாகவே இருக்கும். சட்டை வாங்கும்போது ஒரு கடையின் 40 இன்னொரு கடையின் 42-ஆக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படித்தான். போதாக்குறைக்கு, ஒரே எழுத்துள்ள இரண்டு ஷாஃப்ட்டுகளில் ஒன்று கைப்பிடிப் பக்கம் விறைத்தும் நுனிப் பக்கம் இளகியும் இருக்க, மற்றது நேர்மாறாக இருக்கலாம்.

கிளப் பொருத்துபவர்கள் விறைப்பை அதிர்வெண்ணாக அளக்கிறார்கள். கைப்பிடியை இறுகப் பிடித்து, நுனியைத் தட்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். இதை நாமே செய்து பார்க்கலாம். தெரிந்த பட்டறை ஒன்றில் வைஸ் எனும் இறுக்குக் கருவியின் தாடைகளுக்கு நடுவே இரண்டு மரத்துண்டுகளை வைத்து, ஒவ்வொரு கிளப்பிலும் கைப்பிடியின் அதே அளவு உள்ளே போகும்படி, நசுங்காமல் இறுக்க வேண்டும். தலையை ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்தி விட்டுவிட்டு, விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். தலை முழுதாகப் பத்து முறை மேலும் கீழும் ஆடி முடிக்க 576 படங்கள் ஆனால் நிமிடத்துக்கு 250 ஆட்டம். 554 ஆனால் 260. 600 ஆனால் 240. எண் கூடக் கூட விறைப்பு கூடுகிறது. பிடிக்கும் முறையும் கிளப்பின் நீளமும் தலையின் எடையும் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், இதை வேறு ஒருவர் அளந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது; உங்கள் கையிலுள்ள இரண்டு கிளப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இது போதும். முதன்முதலாக நான் இப்படி அளந்தபோது, ஆர் என்று அச்சிட்டிருந்த என் பழைய கிளப் எஸ் என்று அச்சிட்டிருந்த புதியதை விட விறைப்பாக இருந்தது. பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

என் ஸ்விங் (கிளப்பை வீசும்) வேகத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. என்ன செய்வது?

சமவெளியில், காற்று இல்லாத நேரத்தில், நன்றாகப் பட்ட அடி தரையைத் தொடும் வரை எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பாருங்கள். சுமார் 175 கெஜம் பறந்தால் வேகம் மணிக்கு 80 மைலை ஒட்டியும், 200 என்றால் 90-ஐ ஒட்டியும், 230 என்றால் 100-ஐ ஒட்டியும் இருக்கும். உருண்டு போகும் தூரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பங்குனி, சித்திரை மாதங்களில் நம் பக்கத்துத் தரை காய்ந்து கிடக்கும்போது உருட்டு மட்டுமே 40 கெஜம் கொடுத்து மனத்தைக் குளிரவைக்கும்.

வேகத்தோடு ஸ்விங்கின் தன்மையையும் பார்க்க வேண்டும். கிளப்பைப் பின்னால் கொண்டுபோய், உச்சியில் ஒரு கணம் தங்கி, நிதானமாக இறக்குபவர் தண்டை அதிகம் வளைப்பதில்லை. உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுப்பவர், அதே வேகத்தில் அடித்தாலும், கூடுதலாக வளைக்கிறார். 92 மைல் வேகமுள்ள நிதானக்காரருக்கு ஆர் போதும். அதே 92-ல் வெடுக்கென்று இழுப்பவருக்கு எஸ் பொருந்தக்கூடும், இல்லையென்றால் சற்றே கனமான ஆர்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் எழுத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைத்தான் பார்க்க வேண்டும். டிரைவரின் தலை ஏறத்தாழ 200 கிராம், கைப்பிடி 50 கிராம். இவை கிளப்புக்குக் கிளப் பெரிதாக மாறுவதில்லை. ஷாஃப்ட் மட்டும் 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை கிடைக்கிறது. அதாவது, கையில் தெரியும் கனத்தை மாற்ற நமக்குள்ள பெரிய திருகு இதுதான்.

இலேசான ஷாஃப்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் அளவுக்கு மீறி இலேசாகிவிட்டால், தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாமல் போய்விடும். கை முந்தி ஓடும், அடி முகமெங்கும் சிதறும். மிகக் கனமானதோ முதல் ஒன்பது குழிகளில் நன்றாக இருந்துவிட்டுப் பதினான்காவது குழியில் தோளைப் பிடித்து இழுக்கும். சிலம்பம் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: கைக்கு மிஞ்சிய கம்பும் சுற்றாது, கைக்குத் தெரியாத கம்பும் சுற்றாது.

85 முதல் 95 மைல் வரை வேகமுள்ள நடுத்தர வயது ஆண்களுக்கு 50 முதல் 60 கிராம் வரை பொருத்தமான தொடக்கம். வேகம் அதைவிடக் கூடியவர்கள் 60-லிருந்து 70 வரை முயலலாம். ஸ்விங் வேகம் 80 மைலுக்குக் கீழே இருந்தால் 40-லிருந்து 50 வரை. நடிகரின் படத்தைப் பார்த்துத் தலைமுடி வெட்டிக்கொள்வதைப் போல, தொலைக்காட்சியில் பார்த்த தொழில்முறை ஆட்டக்காரரின் 70 கிராம் எக்ஸைத் தேடிப் போக வேண்டாம். என் முதல் தவறு அதுதான். வெளியூர்க் கடை ஒன்றில், உங்கள் உடல்வாகுக்கு இதுதான் சரி என்று விற்பனையாளர் சொன்னதில் மயங்கி வாங்கி, ஒரு வருடம் முழுக்கப் பந்தை வலப்பக்கத்து மரங்களுக்குள் தேடினேன்.

நீளமான ஷாஃப்ட் கூடுதல் தூரம் தருமா?

கணக்குப்படி தரும், மைதானத்தில் பெரும்பாலும் தராது. கடையில் வரும் டிரைவர்கள் பொதுவாக 45.5 அங்குலத்தை ஒட்டியவை. விதிப்படி டிரைவரின் நீளம் 48 அங்குலம் வரை இருக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் அதை 46 அங்குலமாகக் குறைக்கும் உள்ளூர் விதியைக் கொண்டுவர வழி செய்யப்பட்டிருக்கிறது. நீண்ட தண்டு தலையை வேகமாக்கும், ஆனால் நடுவில் அடிப்பதைக் கடினமாக்கும்.

முதலில் கைப்பிடியில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து இருபது பந்து அடித்துப் பாருங்கள். முகத்தின் மேல் வொயிட்போர்டு மார்க்கரால் மெல்லிய பூச்சு பூசிக்கொண்டால், பந்து பட்ட இடம் அழிந்து அடையாளம் காட்டும். இருபது அடையாளங்களும் முகத்தின் நடுவே ஒரு ரூபாய் நாணய அளவை ஒட்டி விழுந்தால், மேல் முனையில் அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ வெட்டலாம். வெட்டினால் தலை கையில் இலேசாகத் தெரியும். அரை அங்குலம் வெட்டியதைச் சரிக்கட்ட ஏறத்தாழ 6 கிராம் எடையைத் தலையில் ஈயப் பட்டையாகவோ திருகாகவோ சேர்க்க வேண்டும். மேல் முனையில் வெட்டுவது விறைப்பை அதிகம் மாற்றாது. நுனிப் பக்கம் வெட்டினால் விறைப்பு வெகுவாகக் கூடிவிடும், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

டார்க், கிக் பாயின்ட் என்பவை?

டார்க் என்பது தண்டு முறுக்கத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு. டிகிரியில் சொல்வார்கள், 3 என்றால் அதிகம் முறுகாது, 6 என்றால் எளிதில் முறுகும். ஷாஃப்ட் செய்பவர்கள் பசை தோய்ந்த கார்பன் இழைத் தாள்களை எஃகுக் கம்பியின் மேல் சுற்றிச் சூளையில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவி எடுக்கிறார்கள். நீளவாக்கில் ஓடும் இழைகள் வளையாமல் காக்கும். 45 டிகிரி சாய்வில் ஓடும் இழைகள் முறுகாமல் காக்கும். எடையையும் குறைத்து முறுக்கத்தையும் குறைக்க வேண்டுமென்றால் உயர்ந்த இழை தேவைப்படுகிறது. விலை ஏறுவது அங்கேதான். நிதானமாக அடிப்பவர் 5 டிகிரி இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கிக் பாயின்ட் என்பது தண்டு அதிகமாக வளையும் இடம். அது நுனிக்கு அருகில் இருந்தால் பந்து சற்று உயரமாகவும், கைப்பிடிக்கு அருகில் இருந்தால் சற்றுத் தாழ்வாகவும் போகும் என்பார்கள். வித்தியாசம் சிறியது. உயரம் வேண்டுமென்றால் முதலில் லாஃப்ட், அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 9 டிகிரி உள்ள தலையை விட்டு 10.5-க்கோ 12-க்கோ மாறுங்கள். நம்மில் பலர் தேவைக்குக் குறைந்த லாஃப்ட்டில்தான் அடிக்கிறோம்.

கொடைக்கானலில் இந்த ஷாஃப்ட் பிரமாதமாகப் போகிறது, சமவெளியில் போகவில்லையே?

அது மலையின் உபயம். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் மைதானம் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. மதுரையோ நூறு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மலையில் காற்று மெல்லியது என்பதால் பந்தை இழுத்துப் பிடிக்கும் தடை குறைகிறது. அந்த உயரத்தில் தூரம் 7 அல்லது 8 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. குளிர்ந்த பந்தும் குளிர்ந்த காற்றும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கீழே 200 கெஜம் பறக்கும் அடி அங்கே 210-ஐத் தாண்டுவது அதனால்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. மெல்லிய காற்றில் பந்தின் சுழற்சி பந்தை அதிகம் திருப்புவதில்லை. கீழே 30 கெஜம் வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ் அங்கே அதைவிடக் குறைவாக வளையும். புது ஷாஃப்ட் ஸ்லைஸைச் சரிசெய்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். சுழற்சி பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் அங்கே குறைவு என்பதால், தாழ்வாக அடிப்பதற்கென்றே செய்த விறைத்த நுனியுள்ள ஷாஃப்ட் மலையில் பலருக்குப் பொருந்துவதில்லை. ஆகவே புது ஷாஃப்ட்டைப் பழைய ஷாஃப்ட்டோடு ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே வகைப் பந்தால் ஒப்பிட வேண்டும். மேலே அடித்ததைக் கீழே அடித்ததோடு ஒப்பிட்டுக் காசு செலவழிக்கக் கூடாது. மைதானத்தில் காட்டெருமை நின்றால் மட்டும் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

என் ஸ்லைஸ் ஷாஃப்ட்டால் தீருமா?

பெரும்பாலும் தீராது. பந்து புறப்படும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் முகம் பார்க்கும் திசை; வளைவது, முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டால். அதோடு, முகத்தின் குதிப் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) அடிபட்டால் டிரைவரின் அமைப்பே பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி கொடுத்துவிடும். குதியில் அடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், குட்டையான அல்லது சற்றுக் கனமான தண்டு அடியை நடுவுக்குக் கொண்டுவந்து வளைவைக் குறைக்கலாம். ஷாஃப்ட்டால் ஆகக்கூடிய உதவி அவ்வளவே.

டிரைவரோடு சேர்ந்து வரும் ஷாஃப்ட்டும் தனியாக விற்கப்படும் அதே பெயர் ஷாஃப்ட்டும் ஒன்றா?

பெயரும் நிறமும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புஜிகுரா நிறுவனத்தின் வென்டஸ் இதற்கு நல்ல உதாரணம். தனியாக விற்கப்படும் வென்டஸில் வெலோகோர் என்ற இழையமைப்பு உண்டு; புது டிரைவர்களோடு கூடுதல் விலையின்றி வரும் வென்டஸ்களில் பல அது இல்லாமல் செய்யப்பட்டவை, விறைப்பும் வேறு. அதனால் அவை மட்டமானவை என்று பொருளல்ல. நிதானமாக அடிப்பவருக்கு அவையே வசதியாக இருக்கலாம். நிறத்தைப் பொறுத்தவரை, வென்டஸில் சிவப்பு உயரமாகவும் நீலம் நடுத்தரமாகவும் கறுப்பு தாழ்வாகவும் அடிக்க. வேறு நிறுவனங்களின் நிறக் கணக்கு வேறு.

பழைய ஷாஃப்ட் வாங்கலாமா?

வாங்கலாம், நுனியைப் பார்த்துவிட்டு. என் இரண்டாவது தவறு இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய ஷாஃப்ட். அச்சிட்ட எழுத்து ஆர். நுனியில் ஓர் அங்குலம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கும் முன் மொத்த நீளம், நுனி வெட்டப்பட்டதா, நுனியின் விட்டம் 0.335 அங்குலமா 0.350 அங்குலமா, எந்த நிறுவனத்தின் அடாப்டர் (தண்டைத் தலையோடு திருகால் சேர்க்கும் துண்டு) ஒட்டப்பட்டிருக்கிறது என்ற நான்கையும் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் அடாப்டர் இன்னொரு நிறுவனத்தின் தலையில் பொதுவாக ஏறாது. வெள்ளைத் துணியை அழுத்தித் தண்டின் நீளத்துக்கும் உருவுங்கள். நூல் எங்காவது சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது, வாங்காதீர்கள்.

மதுரையில் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா?

டிரைவர் ஷாஃப்ட் மாற்ற வேண்டும் என்று லேத் பட்டறையில் போய்ச் சொன்னால் எந்த லாரி என்று கேட்பார்கள்; எனக்கு நடந்தது. வேலை கடினமில்லை, முறை தெரிய வேண்டும். பழைய அடாப்டரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால், அதைச் சூடான காற்றால் அளவாகச் சுட்டு, எபாக்ஸிப் பசை இளகியதும் தண்டை நேராக இழுத்து எடுக்க வேண்டும். எஃகுத் தண்டைப் போலத் திருகி எடுத்தால் கார்பன் இழைகள் உடைந்துவிடும். நெருப்பைக் கார்பனில் நேராகக் காட்டவும் கூடாது. புதியதை ஒட்டிய பின் ஒரு முழு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். கோல்ஃப் கிளப்பையே பார்த்திராதவரிடம் விலை உயர்ந்த ஷாஃப்ட்டைக் கொடுக்காதீர்கள். அடாப்டர் ஒட்டிய நிலையிலேயே வாங்கினால் ஒரே திருகில் வேலை முடிந்துவிடும்.

பெண்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் தனி ஷாஃப்ட் வேண்டுமா?

வயதும் பாலும் ஷாஃப்ட்டுக்குத் தெரியாது, வேகம்தான் தெரியும். மணிக்கு 88 மைல் வேகமுள்ள பெண்ணுக்கு ஆர் பொருந்தும். 74 மைலுக்கு இறங்கிவிட்ட பெரியவர் கூச்சப்படாமல் எல் எடுக்கலாம். ஏ என்ற எழுத்தை மறைத்து மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஆடும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எனக்குத் தெரியும். ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய நடுப்பாதையில், அவர் பந்து இருக்கும், நம்முடையது இருக்காது.

வெயிலில் காரின் டிக்கியில் வைத்தால் ஷாஃப்ட் கெட்டுவிடுமா?

கார்பன் தண்டுக்கு அந்தச் சூட்டால் பெரிய தீங்கு இல்லை. தண்டையும் அடாப்டரையும் பிடித்திருக்கும் பசைதான் நாளடைவில் தளரும். ரப்பர் கைப்பிடியும் காய்ந்து வழுக்கத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் மூடிய டிக்கிக்குள் நாள் முழுவதும் கிளப்பை விடாதீர்கள். அடிக்கும்போது தலைக்கு அருகே சிறு கிரீச்சொலி கேட்டாலோ, முகம் முன்பு பார்த்த திசையிலிருந்து சற்றே திரும்பியதாகத் தெரிந்தாலோ, முதலில் அடாப்டரின் திருகை அதற்குரிய சாவியால் இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் ஒலி கேட்டால் பசை விட்டிருக்கிறது. ஒட்டும் வரை அந்தக் கிளப்பை எடுக்காதீர்கள், ஏனெனில் கழன்ற தலை பந்தை விட அதிகமாக ஆட்களைப் பயமுறுத்தும்.